குளிக்கிற பறவை

“‘தண்ணி பார்த்துட்டு வர்றேன்னு போன மனுஷர். எட்டு மாசமாத் தண்ணியும் வரலை, மனுஷரும் வரலை. பிள்ளைங்களுக்கு இனி நான் எதைக் காட்டி வாயை அடைக்கிறது?’ இதுதான் ராத்தா சொன்னது. ஒரு சொல் கூட்டலை, ஒரு சொல் குறைக்கலை. நீங்க இப்ப உம்மாகிட்ட என்ன சொன்னீங்க? ‘வீட்டில் எல்லாரும் சுகம், விசாரிச்சாங்க’ன்னு. வாய் கூசலையா மச்சான்?”

ஹம்தூன் தாடியைத் தடவினார். எட்டு மாதத்தில் நன்றாக வளர்ந்திருந்தது தாடி ஒன்றுதான்.

இத்ரீஸ் உப்பு ஏற்றும் ஒட்டகக்காரன். ஹம்தூனின் மனைவி ஜுவைரியாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நேற்று மதியமே வந்துவிட்டான். வந்ததும் அக்காள் சொன்னதைச் சொல்லியும் விட்டான். ஹம்தூன் முழுவதையும் கேட்டுவிட்டு, “உம்மா வரட்டும். கேட்டு முடிவு செய்யலாம்” என்றார். அரைப் பகல், ஓர் இரவு. இரண்டு ஆண்கள் சும்மா உட்கார்ந்து ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்தார்கள். அவர் வந்து, இன்னொரு பெண்ணுக்குத் தாகம் எடுக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டுமாம்.

மைமூனா விடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். இரண்டு நாளாக ஏதோ மேய்ப்பர் கூடாரத்தில் பிரசவம் பார்த்துவிட்டு வருகிறார். தோளில் இருந்த பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

அந்தப் பாலைவனத்தில் வற்றாத கேணி ஒன்றே ஒன்று. அதன் ஓரத்தில் மைமூனா தனியாக இருந்தார். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார். பிடிவாதம் பிடித்து நிற்கிறவர்களுக்கு ஒரு சொல்லும் கொடுப்பார். எல்லோருக்கும் அவர் உம்மா. ஹம்தூனுக்கும் அப்படித்தான், வயதில் ஹம்தூன் அவரைவிட நான்கு வருடம் மூத்தவர் என்றாலும்.

“பிள்ளைங்க இருக்கா உங்களுக்கு?” என்று மைமூனா கேட்டார்.

“ரெண்டு, உம்மா. ஃபரீஹாவுக்கு ஏழு வயசு. யூனுஸுக்கு மூணு.”

“வந்த அன்னிக்கு, ‘எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்’னு சொன்னீங்க.”

“ஆமாம் உம்மா.”

“அந்த எல்லாத்துக்கும் வாய் இருக்குன்னு நீங்க சொல்லலை. நானும் கேட்கலை.”

இத்ரீஸ் பொறுமையிழந்தான். “நான் எவ்வளவோ கெஞ்சினேன் உம்மா. ‘ஊரே காலியாகுது ராத்தா, பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஒட்டகத்துல ஏறுங்க’ன்னு. வரமாட்டேன்னுட்டாங்க. ‘நான் வர்ற வரைக்கும் இடத்தைவிட்டு அசையாதேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். அவர் வர்றப்ப நான் இங்கே இல்லைன்னா எங்கே போய்த் தேடுவார்?’ இப்படிக் கேட்டா நான் என்ன சொல்ல? ஒரு தோல்பை தண்ணி கொடுத்துட்டு வந்தேன். உப்பு அள்ளிக்கிட்டு இந்தப் பக்கம் திரும்பப் பதினோரு நாளாயிடுச்சு. நேரா இங்கே வந்திருக்கணும். அது என் தப்பு.”

“கிணத்துல?”

“சேறு. அன்னிக்கே சேறுதான்.”

அது ஹம்தூன் வெட்டிய கிணறு. கிணறு வெட்டுவதுதான் அவர் தொழில். வற்றிப்போனதும் வேறு ஊற்று பார்க்கக் கிளம்பினார். ஒன்றரை நாள் நடந்து இந்தக் கேணிக்கு வந்தார், வயிறு முட்டக் குடித்தார், உட்கார்ந்தார். எட்டு மாதம். ஒன்றரை நாள் நடை.

“உனக்குப் புரியாது இத்ரீஸ்” என்றார் ஹம்தூன். “எனக்கும் மனசு இல்லையா? ஆனா முதல் நாளே உம்மா எனக்கு ஒரு சொல் கொடுத்தாங்க. என்னை மாத்துற மாதிரி ஒரு சொல் சொல்லுங்கன்னு காலில் விழுந்தேன். சொன்னாங்க. அன்னியிலிருந்து அதை விட்டு நான் இம்மியும் நகரலை.”

குடிசைக்குள் போய் ஒட்டகத்தின் தோள்பட்டை எலும்பு ஒன்றை எடுத்து வந்தார். வெள்ளையாகத் தேய்த்து, கரியால் எழுதி, அழியாமல் இருக்க எண்ணெய் பூசியிருந்தார்.

*குடிக்கிற பறவையைப் பிடி. குளிக்கிற பறவையைத் தொடாதே.*

இத்ரீஸ் எழுத்துக்கூட்டிப் படித்தான். “இதுல என்ன இருக்கு?”

“பறவைன்னா மனசு. குடிக்கிற பறவை, தேவைக்கு மட்டும் உலகத்தைத் தொட்டுட்டுப் பறந்துடுற மனசு. குளிக்கிற பறவை, பாசத்துல முங்கி எழுந்திருக்க முடியாமக் கிடக்குற மனசு. அதைத் தொடாதேன்னா, வீட்டுப் பக்கம் திரும்பாதேன்னு அர்த்தம். இது பிடிபட எனக்கு ஒரு மாசம் ஆச்சு.”

“உம்மா இப்படி அர்த்தம் சொன்னாங்களா?”

“அவங்க எதுக்குச் சொல்லணும்? அர்த்தத்தை நாமதான் தோண்டி எடுக்கணும்.”

“தோண்டுறது உங்க தொழிலாச்சே மச்சான். அந்தக் கிணத்துல தண்ணி வந்த மாதிரிதான் இதுவும்.”

மைமூனா எலும்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். “நான் சொன்னதுதான்” என்று திருப்பிக் கொடுத்தார்.

ஹம்தூன் மைத்துனனைப் பார்த்தார். கேட்டுக்கொண்டாயா என்பது போல.

“இத்ரீஸ், சாப்பிட்டியா?” என்று கேட்டார் மைமூனா.

“நேத்து மச்சான் கௌதாரி சுட்டுக் கொடுத்தார் உம்மா. அதுல ஒண்ணும் குறை வைக்கலை.”

மைமூனாவின் கை, தோளில் இருந்த பையின் மேல் அப்படியே நின்றது. பிறகு அடுப்புக்குப் பின்னால் சாம்பல் கொட்டும் இடத்துக்குப் போனார். குனிந்து கிளறினார். இறகுகள் கிடந்தன. முதுகு இறகுகளையும் இறக்கை இறகுகளையும் ஒதுக்கிவிட்டு வயிற்றுப் பக்கத்து இறகுகளை மட்டும் பொறுக்கினார். கருஞ்சிவப்பாக, சுருள் சுருளாக இருந்தன. குடத்துத் தண்ணீரில் அவற்றை அமுக்கி எடுத்து ஹம்தூனின் உள்ளங்கையில் வைத்தார்.

“பிழிங்க.”

பிழிந்தார். தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது.

“இன்னும்.”

இன்னும் வந்தது. அத்தனை சின்ன இறகுகளுக்குள் அவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. பஞ்சுகூட இப்படிப் பிடித்து வைக்காது.

“எப்பப் பிடிச்சீங்க?”

“நேத்துக் காலையில. கேணித் தண்ணி தேங்குற குட்டையோரம் கண்ணி வச்சேன். விருந்தாளி யாராவது வந்தா வெறும் ரொட்டியா போடுறதுன்னு.”

“அது என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?”

ஹம்தூனுக்குச் சிரிப்பு வந்தது. “புத்தி கெட்ட பறவை உம்மா. கூட வந்ததெல்லாம் நாலு மடக்குக் குடிச்சுட்டுப் பறந்துடுச்சு. இது மட்டும் தண்ணியில வயித்தை வச்சு அமுக்கி அமுக்கி, அங்கேயும் இங்கேயும் ஆட்டிக்கிட்டு, நான் கிட்டப் போறவரைக்கும் எழுந்திருக்கலை. பயமே இல்லை. கையாலேயே பிடிச்சிருக்கலாம்...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். எலும்பு அவர் மடியில் இருந்தது.

மைமூனா இத்ரீஸிடம் திரும்பினார். “வர்ற வழியில குஞ்சு ஏதாவது கண்ணுல பட்டுச்சா?”

“பட்டுச்சே உம்மா. பாதை ரெண்டாப் பிரியுற சரளை வெளியில. நேத்துக் காலையில. பழைய ஒட்டகக் காலடிப் பள்ளத்துல மூணு. கல்லோட கல்லாக் கிடந்துச்சு. மிதிச்சிருப்பேன்.”

“கிளம்புங்க” என்றார் மைமூனா.

“உம்மா, ஜுவைரியாவுக்கு நான் என்ன பதில் சொல்லி அனுப்பறது?”

“தண்ணி மொள்ளுங்க.”

நான்கு தோல்பைகளை நிரப்பச் சொன்னார். ஹம்தூன் மொண்டார்.

“குஞ்சுங்களுக்கு எதுக்கு உம்மா நாலு பை?”

மைமூனா நான்காவது பையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். வயிற்று இறகுகளை ஒரு துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மூன்று பேரும் ஒட்டகமும் மேற்கே நடந்தார்கள். எலும்பு ஹம்தூனின் கக்கத்தில் இருந்தது.

வெயில் ஏற ஏற மணல் காய்ந்த தோசைக்கல் ஆனது. ஒரு பல்லி நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கால் தரையில், இரண்டு கால் காற்றில். பிறகு அவை தரையில், இவை காற்றில். உயிரோடு இருப்பது அங்கே முழுநேர வேலை. வேறு எதற்கும் நேரம் கிடையாது.

ஒரு புதரடியில் மைமூனா காலை எடுத்துவைக்காமல் நின்றார். தரையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வட்டம். சுற்றிலும் இருந்த மணலைவிட அந்த இடத்து மணல் மட்டும் சற்று அடர்ந்திருந்தது.

“எலி வளை” என்றான் இத்ரீஸ்.

“மூடியிருக்கே. மண் சரிஞ்சுடுச்சா?” என்று ஹம்தூன் கேட்டார்.

“உள்ளேருந்து அதுவே அடைச்சிருக்கு” என்றார் மைமூனா. “மூச்சுல இருக்கிற ஈரம் வெளியே போயிடக் கூடாது. அதுக்கு இருக்கிற தண்ணி அவ்வளவுதான். காய்ஞ்ச விதையும் அதோட மூச்சும்.”

“உள்ளே இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“திறந்து கிடந்தா காலி. அடைச்சிருந்தா உள்ளே இருக்கு.”

“உயிரோடவா?”

“அது வெளியிலேர்ந்து தெரியாது.”

சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

சரளை வெளி வந்தபோது நிழல் காலடிக்குள் சுருங்கியிருந்தது. முதலில் பெட்டையைத்தான் பார்த்தார்கள். கல் நிறத்தில் ஒரு பறவை. இறக்கைகளைப் பாதி விரித்து, அலகைத் திறந்தபடி, தொண்டை துடிக்க நின்றுகொண்டிருந்தது. அதன் நிழல் ஒரு பள்ளத்தின் மேல் விழுந்தது. மனிதர்கள் நெருங்கியதும் ஓர் இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி விலகியது. என்னைப் பிடி, என்னைப் பிடி என்பது போல. யாரும் பின்னால் போகாததைப் பார்த்து அங்கேயே நின்றது.

பள்ளத்தில் மூன்று. இரண்டு செத்திருந்தன. ஒன்றின் கண்ணில் எறும்பு. அதுவரை பெட்டை பிடித்த நிழல் செத்த இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

“தாய்தான் இருக்கே” என்றார் ஹம்தூன். “அது போய்க் கொண்டு வந்திருக்கலாமே.”

“போனா நிழல் யாரு பிடிக்கிறது?”

இத்ரீஸ் வேறு பக்கம் பார்த்தான்.

மூன்றாவது குஞ்சுக்கு உயிர் இருந்தது. கழுத்து மட்டும் அசைந்தது. ஹம்தூன் மண்டியிட்டு, பையை அவிழ்த்து, உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி அதன் அலகுக்கு முன்னால் நீட்டினார். குஞ்சு தண்ணீரைப் பார்த்தது. குடிக்கவில்லை. அலகை முக்கினார். தலையை உதறியது. கையிலிருந்த தண்ணீர் சரளையில் சிந்தி, சிந்திய இடத்திலேயே காய்ந்தது.

“குடிக்கத் தெரியலையே உம்மா.”

“கையும் கிண்ணமும் அதுக்குத் தெரியாது. வாப்பா நனைச்சுக்கிட்டு வர்ற வயிறுதான் தெரியும்.”

மைமூனா இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்து அவரிடம் கொடுத்தார். ஹம்தூன் இறகுகளை நனைத்தார். சட்டையைக் கழற்றினார். சுடும் சரளையில் வெறும் வயிற்றோடு குப்புறப் படுத்து, நனைந்த இறகுகளை மார்புக்கும் தரைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, குஞ்சின் பக்கம் ஊர்ந்தார். ஐம்பதை நெருங்குகிற மனிதர். கல் மார்பைச் சுட்டது. அசையவில்லை.

குஞ்சு தலையைத் தூக்கியது. ஓர் இறகைக் கவ்வி இழுத்தது. விட்டது. மறுபடி கவ்வி, தாய்ப்பால் குடிப்பது போல அலகாலேயே உருவியது.

வெகு நேரம் அப்படியே கிடந்தார். எழுந்தபோது மார்பெல்லாம் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. முகம் நனைந்திருந்தது, அது இறகுத் தண்ணீர் இல்லை.

“உம்மா.”

“சொல்லுங்க.”

“முதல் நாள் நீங்க சொன்னீங்களே. குடிக்கிற பறவை, குளிக்கிற பறவை. அது எதைப் பத்தி?”

“பறவையைப் பத்தி.”

ஹம்தூன் அவரையே பார்த்தார்.

“காலில் விழுந்து எழுந்திருச்சதும் உங்க கண்ணு குட்டைப் பக்கம் போச்சு. பசியோட பார்த்தீங்க. கையில கண்ணிக் கயிறும் இருந்துச்சு. அதனால சொன்னேன்” என்றார் மைமூனா. “கேணிக்கு வர்ற எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவேன்.”

“எட்டு மாசமா... ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது பறவைதான்னு சொல்லியிருக்கக் கூடாதா?”

“எட்டு மாசத்துல ஒரு தடவை என்னன்னு கேட்டீங்களா? எழுதிக்கிட்டீங்க.”

பெட்டை மெல்ல மெல்லப் பள்ளத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மைமூனா ஒரு பையை மட்டும் ஒட்டகத்திலிருந்து இறக்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். துணியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுச் சரளையில் உட்கார்ந்தார்.

“இதுக்கு நான் இருக்கேன்” என்றார். “மத்த மூணு பையும் எதுக்குன்னு கேட்டீங்களே.”

ஹம்தூன் அதைக் காதில் வாங்கவில்லை. ஏற்கெனவே ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். இத்ரீஸ் பின்னால் ஓடினான்.

எலும்பு சரளையிலேயே கிடந்தது.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் ஊர் தெரிந்தது. ஊர் என்று சொல்ல முடியாது. பதினேழு மண் வீடுகள். ஹம்தூன் முதல் வீட்டைப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே அடுப்பு வரைக்கும் மணல். அடுத்த வீடு, திறந்து கிடந்தது. அதற்கடுத்தது, கதவே இல்லை, பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொரு வாசலாகத் தாண்டிப் போனார். எதிலும் ஆள் இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார். சேறும் இல்லை. வெடிப்பு.

கடைசி வீடு அவருடையது.

கதவு சாத்தியிருந்தது. சாத்தியிருந்தது மட்டுமல்ல. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த இடுக்கு முழுக்க, மேலிருந்து கீழ்வரை, துணி திணித்திருந்தது. உள்ளேயிருந்து. ஃபரீஹாவின் பச்சைப் பாவாடைக் கிழிசல் ஒன்று, யூனுஸைத் தொட்டிலில் கட்டிய சேலை, ஜுவைரியாவின் மேல்துணி. ஜன்னல் பொந்தை மண் குழைத்துப் பூசியிருந்தது. பூசிய மண்ணில் விரல் தடங்கள். கீழ்ப் பக்கம் சின்ன விரல்களும் இருந்தன.

இத்ரீஸ் ஒட்டகத்தோடு பத்தடி தள்ளியே நின்றுவிட்டான்.

ஹம்தூன் கதவில் கை வைத்தார். தள்ளவில்லை. காதை வைத்துக் கேட்டார். தன் மூச்சுதான் கேட்டது. அதை அடக்கிக்கொண்டு மறுபடி கேட்டார்.

ஒரு தோல்பையை இறக்கினார். வாயை அவிழ்த்தார். வாசல் கல்லின் மேல், உள்ளே இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்கும்படி, உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்றினார். அந்த ஊரில் யாரும் அப்படித் தண்ணீரை வீணாக்கியதில்லை. பாதிப் பை ஊற்றிவிட்டு நிறுத்தினார்.

கதவிடுக்குத் துணியின் கீழ் நுனி நனைந்து நிறம் மாறியது.

“ஜுவைரியா” என்றார். “தண்ணியும் வந்திருக்கு. மனுஷனும் வந்திருக்கேன். கதவைத் திற.”